ட்ரம்பெட் ராஜாவுக்கு ஒரே ஓர் அறை

1943-ஆம் ஆண்டு. ஊர் ஊராகப் போய் வாசித்துவிட்டு நியூயார்க் திரும்பிய லூயி ஆம்ஸ்ட்ராங், கையில் ஒரு விலாசத்தோடு டாக்சியில் ஏறினார். போக வேண்டியது சொந்த வீட்டுக்குத்தான். என்ன, அந்த வீட்டை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

முந்தைய ஆண்டு அவரை மணந்துகொண்ட லூசில், காட்டன் கிளப்பில் நடனமாடியவர். ஹோட்டல் அறைகளிலேயே குடித்தனம் நடத்துவது அவருக்குச் சரிப்படவில்லை. கணவருக்கோ அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த முதல் கிறிஸ்துமஸுக்கு லூசில் ஹோட்டல் அறையில் சின்னதாக ஒரு மரம் வைத்து விளக்குப் போட்டபோது, நாற்பதைத் தாண்டிய ஆம்ஸ்ட்ராங் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். தனக்கென்று ஒரு கிறிஸ்துமஸ் மரம் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. விளக்கை அணைக்க விடவில்லை. அடுத்தடுத்த ஊர்களுக்கும் அந்த மரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மரத்துக்கே இந்தப் பாடு என்றால் வீட்டைப் பற்றி அவரிடம் பேசிப் புண்ணியமில்லை என்று லூசில் முடிவு செய்திருக்க வேண்டும். கணவர் பயணத்தில் இருந்த சமயம் பார்த்து, குவீன்ஸ் பகுதியில் கொரோனா என்னும் பேட்டையில், 107-ஆம் தெருவில், 1910-இல் கட்டிய இரண்டு மாடி வீடொன்றை வாங்கிப் போட்டுவிட்டார்.

டாக்சி வந்து நின்ற இடத்தைப் பார்த்து ஆம்ஸ்ட்ராங் நம்பவில்லை. விளையாடாமல் சரியான விலாசத்துக்குப் போகச் சொன்னார். இதுதான் விலாசம் என்று டிரைவர் சாதித்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் மணியை அழுத்தினார். கதவைத் திறந்தது லூசில். டாக்சிக்காரரையும் உள்ளே அழைத்துச் சாப்பிட வைத்ததாகக் கதை முடிகிறது. உலகத்தில் எந்த ஊருக்குப் போயிருந்தாலும் மாளிகை கட்டிக்கொள்ளக்கூடிய அந்த மனிதர், 1971 ஜூலை 6-ஆம் தேதி தூக்கத்திலேயே இறக்கும்வரை 28 ஆண்டுகள் அந்த வீட்டை விட்டு மாறவில்லை.

2003 அக்டோபரிலிருந்து அந்த வீடு அருங்காட்சியகம். டாக்சியில் வந்தவருக்கு அன்று இருந்த சந்தேகம் இன்று ரயிலில் வருகிறவர்களுக்கு இருக்கிறது. 7-ஆம் எண் ரயிலில் ஏறி 103-ஆம் தெரு ஸ்டேஷனில் இறங்கி, ஸ்பானிஷ் பெயர்ப்பலகைகளையும் பேக்கரிகளையும் தாண்டி, துணி உலர்த்தியிருக்கும் சாதாரணக் குடியிருப்புத் தெருவில் நடந்தால், மற்ற வீடுகளைவிட ஒரு சுற்றுகூடப் பெரிதாக இல்லாத செங்கல் வீடு. “இதுதானா?” என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் அவர்கள்தான் ஜாஸ் ரசிகர்கள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இந்த ரசிகரை எந்த ஜாஸ் அருங்காட்சியகத்திலும் சந்திக்கலாம். 1928 ஜூன் 28-ஆம் தேதி சிகாகோவில் பதிவான ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ இசைத்தட்டின் தொடக்கத்தில் ஆம்ஸ்ட்ராங் தன்னந்தனியாக ஊதும் சில விநாடிகளைப் பற்றி முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசக்கூடியவர். இசைத்தட்டின் பின்பக்கத்தில் என்ன பாட்டு என்று கேட்டால் அதற்கு இன்னொரு முக்கால் மணி. அவரோடு துணைக்கு ஒருவர் வந்திருப்பார். பெரும்பாலும் மனைவி, சில நேரம் கணவர், எப்போதாவது, கார் வைத்திருக்கிற பாவத்துக்காக ஒரு மைத்துனர். இவரைப் பொறுத்தவரை ஜாஸ் என்பது ஹோட்டல் லிஃப்டில் கேட்கிற சங்கீதம். கொரோனா வீட்டின் அதிசயம் என்னவென்றால், ரசிகர் மெல்ல வாடிப்போவதும் துணைக்கு வந்தவர் மெல்ல மலர்வதும் ஒரே சுற்றில் நடக்கும்.

அதற்கு முன் ஜாஸ் அருங்காட்சியகங்களின் பொதுக் கஷ்டத்தைச் சொல்லிவிட வேண்டும். நேற்று வாசித்ததை இன்று அப்படியே வாசிக்கக் கூடாது என்பது ஜாஸின் கொள்கை. நேற்று இருந்தது இன்றும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அருங்காட்சியகத்தின் கொள்கை. இந்தச் சம்பந்தத்துக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியர் யாரோ தெரியவில்லை. ஜாஸின் ஆதிபுருஷர்களில் முதல் பெயராகச் சொல்லப்படும் பட்டி போல்டனை எடுத்துக்கொண்டால், அவர் வாசித்த ஒலிப்பதிவு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. இருப்பது குழுவோடு எடுத்த ஒரே ஒரு புகைப்படம். அதை ஒரு பக்கமாக அச்சிட்டால் கிடார்க்காரரும் பேஸ்காரரும் இடக்கைக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். சரி, புரட்டிப் போடுவோம் என்றால் கிளாரினெட் பிடித்திருக்கும் கைகள் தப்பாகிவிடுகின்றன. ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக அதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

போல்டனின் ஊரான நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் பழைய அரசாங்க நாணயச் சாலை. 1838 முதல் 1909 வரை, உள்நாட்டுப் போரால் விழுந்த நீண்ட இடைவெளி போக, அங்கே தங்கக்காசும் வெள்ளிக்காசும் அடித்துத் தள்ளினார்கள். காசு அடிப்பதை நிறுத்திய காலத்தில் வெளியே தெருவில் ஜாஸ் பிறந்துகொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்கக் காசைக் கண்ணில் பார்க்காத வாத்தியக்காரர்களின் ட்ரம்பெட்டுகளும் கிளாரினெட்டுகளும் இன்று அந்தக் கஜானாவுக்குள் பத்திரமாக இருக்கின்றன.

கன்சாஸ் சிட்டியில் 1997-இல் திறந்த அமெரிக்க ஜாஸ் அருங்காட்சியகத்தின் பெருமை, சார்லி பார்க்கரின் சாக்ஸபோன். பித்தளை அல்ல, கிராஃப்டன் என்னும் பிரிட்டிஷ் தயாரிப்பான வெள்ளை பிளாஸ்டிக் சாக்ஸபோன். 1953 மே 15 அன்று டொராண்டோவின் மாசி ஹாலில் பார்க்கர் அதை வாசித்தார். அன்றைக்குப் பார்த்து மார்சியானோ, வால்காட் குத்துச்சண்டை நடந்ததால் அரங்கத்தில் ஏராளமான நாற்காலிகள் காலி. ஒப்பந்தச் சிக்கலால் இசைத்தட்டில் பார்க்கர் பெயரைப் போட முடியாமல் ‘சார்லி சான்’ என்று போட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் புனைபெயரில் ஒலித்த அந்த பிளாஸ்டிக்கை, 1994-இல் லண்டன் ஏலத்தில் கன்சாஸ் சிட்டி 93,500 பவுண்டு கொடுத்து எடுத்தது. பார்க்கர் வாசித்தது ஆல்டோ சாக்ஸபோன். அதே ஊரில் அவருடைய கல்லறைக் கல்லில் செதுக்கியிருப்பது டெனர் சாக்ஸபோன். கோடி ரூபாய் செலவழித்தாலும் சில விஷயங்கள் கொத்தனார் கையில்தான் இருக்கின்றன.

ஆக, மற்ற ஊர்களில் ஒரு படம், ஒரு பிளாஸ்டிக் குழல் என்று தேடிப் பிடித்துச் சேர்க்கிறார்கள். கொரோனாவில் தட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வழிகாட்டி கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ட்ரம்பெட் இல்லை. வால்பேப்பர்.

லூசிலுக்கு வால்பேப்பர் மீது தனிப் பிரியம். வீட்டுக்குள் போகப் போக அது புரியும்.  படுக்கையறையை ஒட்டிய பகுதியில் வெள்ளித் தகடாய் மின்னுகிற காகிதம். “மூலப் படிவமா, பிற்பாடு ஒட்டியதா?” என்று துணைக்கு வந்தவர் கேட்கிறார். ரசிகர் இந்தக் கேள்வியை ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழு 1925-ஆம் ஆண்டு செய்த பதிவுகளைப் பற்றிக் கேட்க வைத்திருந்தார். அதற்கு இன்னும் சந்தர்ப்பம் வரவில்லை.

அடுத்து குளியலறை. சுவரெல்லாம் கண்ணாடி, கீழே சலவைக்கல், தங்க முலாம் பூசிய குழாய்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் பார்க்கிறவரே பத்துப் பதினைந்து பேராகத் தெரிவார். நியூ ஆர்லியன்ஸில் தண்ணீர்க்குழாய் என்பதே கேள்விப்படாத வறுமையில் வளர்ந்தவர் உலகப் புகழ் பெற்ற பிறகு முதலில் எதில் பணத்தைப் போடுவார் என்பதற்கு இதைவிட நேர்மையான விடை கிடையாது.

சமையலறைதான் உச்சம். அலமாரிகள் எல்லாம் மயில் கழுத்து நிறத்துக்குப் பக்கமான நீலப்பச்சை. காருக்கு அடித்ததுபோல் பளபளக்கும் லாக்கர் பூச்சு. ஃப்ரிட்ஜ் எது, அலமாரி எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி அதற்கும் அதே நிறக் கதவு. மிக்ஸியின் மோட்டார் மேடைக்குள்ளேயே புதைந்திருக்கிறது. மேலே ஜாரை மட்டும் பொருத்தினால் போதும். அடுப்போ ஆறு பர்னர் வைத்த அரக்கன். திருவாளர் திருமதி ஆம்ஸ்ட்ராங்குக்கென்றே தனியாகச் செய்தது என்று அதில் தகடு அடித்திருக்கிறது. துணைக்கு வந்தவர் இங்கிருந்து நகர மறுப்பார். வழிகாட்டிக்கும் இது பழக்கம். இந்தச் சுற்றில் அதிகமான கேள்விகள் பிறக்கிற இடம் இந்த அடுப்பங்கரைதான் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். ரசிகர் அடுப்பைப் பார்த்தபடி, இதில் ஜாஸ் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பார். சிவப்பு பீன்ஸும் சோறும் ஆம்ஸ்ட்ராங்குக்கு உயிர். கடிதம் எழுதினால் ‘தங்கள் அன்புள்ள’ போடுகிற இடத்தில் அந்தச் சாப்பாட்டின் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுவார். அந்த வகையில் பார்த்தால் ஜாஸ் அந்தப் பர்னரில்தான் இருக்கிறது.

இதுவரை பார்த்ததெல்லாம் லூசிலின் ஆட்சி எல்லை. கணவர் வருடத்தில் பெரும்பகுதி பயணத்தில், வீட்டில் இருந்தது அவர், அலங்கரித்தது அவர், கணவர் போன பிறகு 12 ஆண்டுகள் வீட்டைக் கட்டிக் காத்து, நகரத்துக்கு எழுதி வைத்துவிட்டு 1983-இல் மறைந்ததும் அவரே. இது ஜாஸ் அருங்காட்சியகமா, லூசில் அம்மாவின் வீடா என்று வாக்கெடுப்பு வைத்தால், இதை எழுதுகிறவரின் ஓட்டு லூசில் அம்மாவுக்குத்தான். ஆம்ஸ்ட்ராங்குக்கு ஒதுக்கியது மாடியில் ஒரே ஓர் அறை.

அங்கே ரசிகருக்கு உயிர் வருகிறது. மேசை, சுவருக்குள் பொருத்திய டேப் ரெக்கார்டர்கள், ரெக்கார்டு பிளேயர், ஒலிப்பெருக்கிகள். சுவரில் ஆம்ஸ்ட்ராங்கின் உருவப்படம். வரைந்தவர் பெயர் பெனடெட்டோ என்று இருக்கிறது. பாடகர் டோனி பென்னட் ஓவியத்தில் போடும் கையெழுத்து அது. வழிகாட்டி ஒரு பொத்தானை அழுத்துகிறார். திடீரென்று அறைக்குள் அந்தக் கரகரத்த குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. கச்சேரியோ பேட்டியோ கிடையாது. வீட்டில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார், சிரிக்கிறார். ரசிகர் கண் கலங்குகிறார். துணைக்கு வந்தவரும் முதல் தடவையாக அடுப்பை மறக்கிறார்.

இந்த டேப்புகளின் கதை தனி. 1950 முடியும் தறுவாயில் ஆம்ஸ்ட்ராங் டேப் ரெக்கார்டர் வாங்கினார். பிறகு அவர் இருக்கும் இடத்தில் பேசியதெல்லாம் பதிவாகத் தொடங்கியது. ஊருக்குப் போனால் டிரங்குப் பெட்டிக்குள் டேப் ரெக்கார்டரும் கூடவே போகும். மேடைக்குப் பின்னால் நண்பர்களோடு அரட்டை, அச்சேற்ற முடியாத ஜோக்குகள், ஹோட்டல் அறையில் வாக்குவாதம், பழைய ரெக்கார்டை ஓடவிட்டு அதோடு தானும் சேர்ந்து ஊதுவது, எல்லாம் டேப்பில் ஏறின. இப்படி 650 டேப்புகளுக்கு மேல் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எதில் என்ன இருக்கிறது என்று கையால் அட்டவணை எழுதினார். 1968-க்குப் பிறகு உடல் நலிந்து மருத்துவர்கள் வீட்டில் இருக்கச் சொன்னபோது, ஓய்வெடுக்காமல் அத்தனைக்கும் எண்ணை மாற்றி அட்டவணையைத் திருத்தி எழுத உட்கார்ந்தார். நூலகர்கள் இதைக் கேட்டால் கும்பிடுவார்கள்.

அவர் அதோடு விடவில்லை. டேப் வருகிற சதுர அட்டைப்பெட்டிகளின் மேல் படம் ஒட்டத் தொடங்கினார். கையில் கத்தரிக்கோலும் செலோடேப்பும் இருந்தால் போதும். பத்திரிகையில் வந்த தன் படம், ரசிகர் அனுப்பிய வாழ்த்து அட்டை, தந்தி, நண்பர்களின் முகம், விளம்பரத்தில் வந்த ஏதோ ஒரு தலைப்பு, எது அகப்பட்டாலும் வெட்டி ஒட்டினார். சுமார் 500 பெட்டிகள் இப்படி. கலை விமரிசகர்கள் இப்போது இவற்றுக்குக் ‘கொலாஜ்’ என்று மரியாதையான பெயர் வைத்து, புத்தகமாகவும் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் அந்த மரியாதை கிடைக்கவில்லை. உற்சாகம் மிகுந்து அவர் தன் அறைச் சுவரிலும் ஒட்டிக்கொண்டே போனார். அறையைப் புதுப்பித்தபோது லூசில் அத்தனையையும் காலி செய்தார். வீடு முழுக்கக் காகிதம் ஒட்டிய அம்மையாருக்குக் கணவர் ஒட்டிய காகிதம் பொறுக்கவில்லை.

வழிகாட்டிகள் சற்றுத் தயங்கி, ஆனால் ஆசையோடு சொல்லும் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்குக்கு ட்ரம்பெட்டுக்கு அடுத்தபடியாக உலகத்தில் நம்பிக்கை இருந்தது பேதி மருந்தின் மேல். வயிறு சுத்தமானால் வியாதி அண்டாது என்பது அவருடைய தாயார் மேயான் கற்றுக்கொடுத்த வேதம். ரயில் தண்டவாள ஓரம் பறித்த மூலிகைகளைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் அவர். வளர்ந்த பிறகு மகன் கண்டுபிடித்தது ‘ஸ்விஸ் கிரிஸ்’ என்னும் மூலிகைப் பேதிப் பொடி. அதைத் தான் சாப்பிட்டதோடு திருப்தி அடையாமல், பாக்கெட் பாக்கெட்டாகக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கெல்லாம் விநியோகித்தார். உடம்பு இளைக்க, தன் செல்லப்பெயரைப் போட்டு ‘சாச்மோ வழி’ என்று ஒரு பத்தியப் பட்டியல் அச்சிட்டு விநியோகித்தார். அதிலும் கதாநாயகன் ஸ்விஸ் கிரிஸ்தான். நண்பர்களுக்கு வாழ்த்து அட்டை ஒன்றும் அனுப்பினார். சாவித்துவாரம் வழியாகப் பார்த்தால் உள்ளே ஆம்ஸ்ட்ராங் கழிப்பறைப் பீங்கான் மேல் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். நவீன இசையின் போக்கையே மாற்றிய மேதை என்று ரசிகர் அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கும் கட்டுரையில் இந்தப் படத்துக்கு எங்கே இடம் போடுவது என்பது பெரிய பிரச்சினை.

உதட்டுக்கும் மருந்து உண்டு. உச்சஸ்தாயியில் ஊதி ஊதி அவர் உதடு புண்ணாகித் தழும்பேறியிருந்தது. ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்து ஃபிரான்ஸ் ஷூரிட்ஸ் தயாரித்த களிம்புதான் ஒத்துக்கொண்டது. கடைசியில் அந்தக் களிம்பு ஆம்ஸ்ட்ராங் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது. அவர் விட்டுப்போன பொருள்களின் காப்பகத்தில் ட்ரம்பெட் 5, மவுத்பீஸ் 14 என்று எண்ணிக்கை சொல்கிறார்கள். பரிசுகளும் பட்டயங்களும் 120. வெட்டி ஒட்டிய ஆல்பங்கள் 86. விகிதாசாரத்தைப் பார்த்தாலே அவர் எதில் அதிக நேரம் செலவழித்தார் என்று புரிந்துவிடும்.

தன்னைப் பற்றி இவ்வளவு குறித்துவைத்தவர் பிறந்த தேதியை மட்டும் கோட்டைவிட்டார் என்பது வேடிக்கை. 1900 ஜூலை 4 என்று கடைசிவரை சொன்னார். அமெரிக்காவின் சுதந்திர தினம், நூற்றாண்டின் விளிம்பு, ஜாதகம் கச்சிதம். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1980-களில், நியூ ஆர்லியன்ஸ் தேவாலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டியபோது அதில் 1901 ஆகஸ்ட் 4 என்று இருந்தது. இன்று ரசிகர்கள் இரண்டு தேதியிலும் கொண்டாடுகிறார்கள். பதிவேட்டை நம்புகிறவர்களுக்கும் கேக் நஷ்டமில்லை.

வெளியே வந்தால் வாசற்படி. அதில் ஆம்ஸ்ட்ராங் தெருப்பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு ட்ரம்பெட்டோடு இருக்கும் படங்கள் பிரசித்தம். 1967-இல் ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பாடியபோது தன் மனத்தில் இருந்தது இந்தத் தெருவும் பிள்ளைகளும்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவிலோ இசைத்தட்டுக் கம்பெனித் தலைவருக்கே பிடிக்காததால் விளம்பரமே இல்லை, சீந்த ஆளில்லை. ‘குட் மார்னிங், வியட்நாம்’ படத்தில் அதை வைத்தார்கள்; அது வெளிவந்த பிறகுதான் அவர் ஊர்க்காரர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். அதற்குள் அவர் போய்ப் பதினாறு ஆண்டுகள். கடைசிக் காலத்தில் மரப்பலகை முகப்பை மாற்றி வீட்டுக்குச் செங்கல் போர்த்தியபோது, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தன் செலவிலேயே போர்த்தித் தருவதாக ஆம்ஸ்ட்ராங் கேட்டாராம். தெருவில் தன் வீடு மட்டும் தனியாகப் பளபளப்பது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. லூசில் வாங்கிய வீட்டில் அவர் எடுத்த பெரிய முடிவு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

2023 கோடையில் எதிர்ச்சாரியில் லூயி ஆம்ஸ்ட்ராங் மையம் திறந்தது. 14,000 சதுர அடி, 75 பேர் உட்காரும் சின்ன அரங்கம், பியானோ கலைஞர் ஜேசன் மொரான் பொறுப்பில் உருவான கண்காட்சி. காப்பகமும் இங்கே வந்துவிட்டது. மொத்தம் 60,000 பொருள்கள். லூசிலின் மறைவுக்குப் பிறகு பல ஆண்டுகள் அட்டைப்பெட்டிகளில் கிடந்தவற்றைப் பிரித்து வரிசைப்படுத்த, 1991-இல் குவீன்ஸ் கல்லூரி மைக்கேல் காக்ஸ்வெல் என்ற காப்பாளரை நியமித்தது. அவர் பெட்டிகளைத் திறந்தபோது வேலையில் பாதியை ஆம்ஸ்ட்ராங் ஏற்கெனவே முடித்து வைத்திருந்தார். எண், தேதி, பொருளடக்கம் எல்லாம் ஆம்ஸ்ட்ராங் கையெழுத்தில். அட்டவணையைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். ஆய்வாளர்கள் முறைப்படி கேட்டால் டேப்பையும் போட்டுக் காட்டுவார்கள். ரசிகர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, புத்தகத்தைத் திறந்து, பேனாவோடு காத்திருக்கலாம். ட்ரம்பெட் வரலாம், ஜோக் வரலாம். புருஷனும் பெண்டாட்டியும் போட்டுக்கொண்ட சண்டையும் வரலாம். அதற்கும் எண் இருக்கிறது.